மழையில் நின்ற வீரர்

கரும்புத் தோட்டங்களில் உழைக்கத் தென்னாப்பிரிக்காவுக்குக் கடல் கடந்து சென்ற இந்தியரின் வழியில், டர்பன் நகரிலே தோன்றியவர் பாப்வா செவ்கோலம். கல்வி கற்க வறுமை இடந்தரவில்லை. வெள்ளையர் கோல்ஃப் ஆடும் திடலில் அவர்தம் கோற்பையைச் சுமந்து பிழைத்தார். சிறு பந்தைக் கோலால் அடித்துப் பதினெட்டுக் குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்துவது கோல்ஃப். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். விருதுநகர்க் கரிசற்காட்டில் நம் சிறுவர் கிட்டிப்புள் பழகுவதுபோல, அவரும் ஆசானின்றிப் பார்த்தே பழகினார். வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்துக் கோலைப் பற்றினார். முறைக்கு மாறான பிடிதான்! ஆயினும் 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓபன் பட்டம் அப்பிடிக்கே கிட்டியது.

1963-இல், வெள்ளையரும் கலந்துகொண்ட நேட்டால் ஓபன் போட்டியில், ஒரே ஓர் அடி வேறுபாட்டில் வாகை சூடினார். தோற்ற வெள்ளையர் மன்ற மாளிகையினுள் இருந்தனர். வென்றவரையோ நிறவெறி வெளியே நிறுத்தியது. கொட்டும் மழையில் நனைந்தவாறே கோப்பையைப் பெற்றார். அக்காட்சியின் படம் உலக இதழ்களில் வெளிவந்தது.

1965-இல் புகழ்மிக்க கேரி பிளேயரையே வென்று, அப்பட்டத்தை மீண்டும் கைக்கொண்டார். அதன்பின் அப்போட்டிகளில் ஆடுவதற்கு மட்டுமன்று, அவற்றைக் காண்பதற்கும் அரசு அவருக்குத் தடை விதித்தது. 1978-இல் வறுமையிலேயே மறைந்தார்.