கடல் கடந்து போன செல்வம்

பெண்ணாடத்துக்குக் கிழக்கே, அதே கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது சிதம்பரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தை நிறுவியவர், செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலை செட்டியார்.

1881-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி கானாடுகாத்தானில் பிறந்தார். தந்தையார் முத்தையா செட்டியார். குடும்பத் தொழில் லேவாதேவி. கடல் கடந்து நடந்த தொழில் அது.

பணம் போன வழி

1852-ல் கீழ்ப் பர்மா வெள்ளையர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மா அரிசிக்குக் கிராக்கி ஏற்பட்டது. காடு திருத்தி நெல் பயிரிட உழவர்களுக்குப் பணம் வேண்டுமே! அது செட்டிநாட்டு வீடுகளில் இருந்து போயிற்று.

முதலாளி ஊரில் இருப்பார். அவருடைய ஏஜெண்டு கப்பல் ஏறுவார். மூன்று ஆண்டுக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு புறப்படுவார். மனைவி, மக்கள் ஊரில் காத்திருப்பார்கள்.

1930 வாக்கில் பர்மாவில் மட்டும் செட்டியார்கள் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய்!

விலை விழுந்தது

1930-ல் நெல் விலை படுவீழ்ச்சி அடைந்தது. பர்மிய உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. 1937-ல், முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது.

நிலத்தை இழந்தவன் குமுறினான். கடன் கொடுத்தவனுக்கோ நிலம் வந்தது, பணம் வரவில்லை.

1942-ல் ஜப்பானியர் படையெடுத்தனர். பல்லாயிரம் இந்தியர்கள் கால்நடையாகவே தாயகம் திரும்பினார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்தது. பின்னர் அந்த நிலங்களை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

ஊருக்கு வந்த செல்வம்

அண்ணாமலை செட்டியார் தம் செல்வத்தில் ஒரு பகுதியைக் கல்விக்குக் கொடுத்தார். 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-ல் தம் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயும் வழங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் சென்னைக்குப் போகாமலே பட்டம் பெற வழி பிறந்தது.

1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தையும் ஏற்படுத்தினார். 1948-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி காலமானார். 2013-ல் பல்கலைக்கழகத்தைத் தமிழக அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

பர்மாவில் சேர்ந்த நிலம் கைவிட்டுப் போயிற்று. சிதம்பரத்தில் கொடுத்த பணம் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டே இருக்கிறது.