மலைக்கு ஏணி போட்ட மெக்கானிக்

மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். பாறையிலே படி வெட்டிய சிற்பி யாரோ, மகா கெட்டிக்காரன். வழுக்குப் பாறையில் கால் ஊன்ற இடம் செய்து கொடுத்துவிட்டான். அதனால்தான் குழந்தையும் ஏறுகிறது, எழுபது வயதுப் பாட்டியும் ஏறுகிறாள்.

மனிதனுக்குப் படி வெட்டியாயிற்று. ரயிலுக்கு? நூற்றுக்கணக்கான மணங்கு எடையுள்ள இரும்புப் பூதத்தை மலைமேல் ஏற்றுவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே தம் ஆயுளின் பெரும் பகுதியைச் செலவிட்டார் ஓர் ஐரோப்பியர். அவர் பெயர் நிக்கோலஸ் ரிக்கன்பாக். நீலகிரி மலை ரயிலின் கதையிலும், அந்த ரயிலுக்கு இன்று எஞ்சின் செய்து தரும் நமது பொன்மலையின் கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

தகப்பனை இழந்த பிள்ளை

1817-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி, பிரான்ஸ் தேசத்து அல்சேஸ் பகுதியில் கெப்வில்லர் என்ற ஊரில் ரிக்கன்பாக் பிறந்தார். தகப்பனார் ஸ்விட்சர்லாந்துக்காரர், சர்க்கரை ஆலை வைத்திருந்தார். ஆலை நொடித்தது. சில காலத்தில் தகப்பனாரும் கண் மூடினார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சொந்த ஊரான பாஸல் நகருக்குத் திரும்பினார். செல்வமாகப் பிறந்த பிள்ளை, சிறு வயதிலேயே கஷ்டம் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டான்.

16-வது வயதில் ரிக்கன்பாக் இயந்திரத் தொழில் பழகச் சேர்ந்தார். அரமும் சம்மட்டியும் கைக்குப் பழகியதும், மேற்கொண்டு தொழில் கற்கப் பாரிஸுக்குப் போனார். 1837-ம் ஆண்டில் பாரிஸிலிருந்து ஸான் ஜெர்மன் என்ற ஊருக்குப் புது ரயில் விட்டார்கள். அதைப் பார்த்த வாலிபரின் மனம் அங்கேயே பறிபோயிற்று. இனி வாழ்நாள் முழுவதும் ரயில்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

1840-ல் ஜெர்மனியிலுள்ள கார்ல்ஸ்ரூஹே நகரில், கெஸ்லர் என்பவரின் எஞ்சின் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே அவர் மேற்பார்வையில் உருவான எஞ்சின்கள் சுமார் 150. ஸ்விட்சர்லாந்தின் முதல் ரயில்பாதை 1847-ம் ஆண்டு ஜூரிச் நகருக்கும் பாடன் நகருக்கும் இடையே திறக்கப்பட்டது. அந்தப் பாதைக்கான எஞ்சினைச் செய்து கொடுத்ததோடு, முதல் ரயிலை ஓட்டிச் சென்றவரும் ரிக்கன்பாக்தான்.

வழுக்கிய சக்கரம்

1850-களில் ஸ்விஸ் மத்திய ரயில்வே கம்பெனி அவரைத் தன் பட்டறைக்குத் தலைவராக்கியது. பட்டறை ஓல்டன் என்ற ஊரில் அமைந்தது. திருச்சிக்குப் பொன்மலை எப்படியோ, அப்படி அந்த ரயில்வேக்கு ஓல்டன்.

ஓல்டனுக்கு அருகே ஹௌவன்ஷ்டைன் என்ற மலைப் பாதை இருந்தது. ஏற்றம் கடுமை. மழையிலும் பனியிலும் எஞ்சினின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. அதிகக் கனமான எஞ்சினைப் போட்டால் வழுக்கல் சற்றுக் குறையும். ஆனால் எஞ்சின் தன் சொந்தக் கனத்தைத் தூக்குவதற்கே பாதிச் சக்தியைச் செலவிட்டுவிடும். பட்டறைத் தலைவருக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது.

அவர் கண்ட வழி மிக எளியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, தரையில் ஓர் இரும்பு ஏணியைப் படுக்கவைத்தாற்போல் பதிக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஒரு பல்சக்கரம் பொருத்த வேண்டும். அந்தப் பல், ஏணியின் ஒவ்வொரு படியாகக் கவ்விக்கொண்டு மேலேறும். அப்புறம் வழுக்குவதற்கு இடம் ஏது?

1863-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்ஸில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஸ்விட்சர்லாந்தில் அந்நாளில் உரிமைப் பத்திரச் சட்டமே கிடையாது. சட்டம் இல்லாதது போலவே, அவர் யோசனைக்கு அங்கே ஆதரவும் இல்லை. பத்திரம் பல ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்தது.

இதற்கிடையே அமெரிக்காவில் ஸில்வெஸ்டர் மார்ஷ் என்பவர் தனியாக இதே வழியில் முயன்று, 1869-ல் வாஷிங்டன் சிகரத்துக்குப் பல்சக்கர ரயில் விட்டார். உலகின் முதல் பல்சக்கர மலை ரயில் என்ற பெருமை அதற்குப் போய்விட்டது. அமெரிக்காவிலிருந்த ஸ்விஸ் தூதர் ஜான் ஹிட்ஸ், ரிக்கன்பாக்கின் திட்டத்தில் அக்கறை காட்டி, ரிகி மலையில் அதைச் செய்து பார்க்கும்படி ஊக்கம் கொடுத்தார்.

பிறந்த நாளில் பிறந்த ரயில்

ரிகி மலை லூசெர்ன் ஏரிக்கரையில் இருக்கிறது. உயரம் சுமார் 1,800 மீட்டர். சூரியோதயம் பார்க்க நாலா தேசத்தவரும் அங்கே வருவார்கள். வசதியுள்ளவர்கள் குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ போவார்கள். மற்றவர்கள் நடைதான்.

நேஃப், ட்ஷாக்கே என்ற இரு இஞ்சினீயர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு ரிக்கன்பாக் வேலையில் இறங்கினார். முதல் எஞ்சின்கள் அவருடைய ஓல்டன் பட்டறையிலேயே உருவாயின. ஏற்றம் சாமானியமானதல்ல: நான்கு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறும். சாய்வில் கொதிகலனின் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கிவிடக்கூடாது என்று, கொதிகலனையே செங்குத்தாக நிற்கவைத்தார்கள்.

1871-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி திறப்பு விழா. அன்று அவருக்கு 54 வயது பூர்த்தி. ஐரோப்பாவின் முதல் மலை ரயிலை அவரே ஓட்டிச் சென்றார்.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. ஸ்ரீரங்கத்துத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தேர் தன் வேகத்தில் ஓடிவிடாமல் இருக்க, முட்டுக்கட்டை போடுபவர் சக்கரத்தோடு சக்கரமாக நடக்க வேண்டும். ரிக்கன்பாக் தம் எஞ்சினுக்கு ஒரு தந்திரமான முட்டுக்கட்டை செய்தார். இறங்கும்போது உருளைகளுக்கு நீராவி போகாது. வெளிக்காற்று உள்ளே புகும். இறங்கும் வேகமே பிஸ்டன்களை இயக்கி அந்தக் காற்றை அமுக்கும். அமுங்கிய காற்று எதிர்த்துத் தள்ள, வண்டி நிதானமாக இறங்கும். சூடேறும் உருளைகளைத் தண்ணீர் தெளித்துக் குளிரச் செய்வார்கள். தேயக்கூடிய கட்டையை நம்பாத இந்தத் தடுப்பு முறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

1875-ல் மலையின் மறுபுறம் ஆர்த் என்ற ஊரிலிருந்து இன்னொரு ரயில் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் நடந்தே ஏறிய மக்கள், எந்த ரயிலில் போகலாம் என்று யோசிக்கும் காலம் வந்தது!

நீலகிரிக்கு வந்த ரிக்கன்பாக்

வியன்னா, புடாபெஸ்ட், பிரேசில் என்று அவர் புகழ் பரவியது. போர்த்துகலில் பிராகா நகரத்துக் குன்றுக் கோயிலுக்கு, தண்ணீரின் கனத்தாலேயே ஏறி இறங்கும் வண்டியை அவர் வகுத்துக் கொடுத்தார். 1882-ல் திறந்த அந்த வண்டி இன்றும் தண்ணீரின் கனத்தில்தான் ஓடுகிறது.

1873-ம் ஆண்டிலேயே மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்துவிட்டது. அதற்கு மேல் உதகைக்கு மாட்டுவண்டி, குதிரைவண்டி, டோலி. மலை ரயில் போடும் பேச்சு 1854-லேயே எழுந்து அடங்கியிருந்தது. ரிகியின் வெற்றி அந்தப் பேச்சுக்கு உயிர் கொடுத்தது. முதிய வயதில் ரிக்கன்பாக் கடல் கடந்து வந்து நீலகிரிச் சரிவைப் பார்வையிட்டார். செலவுத் திட்டமும் தயாரித்துக் கொடுத்தார். ரிகி என்ற பெயரையும் சேர்த்து ஒரு கம்பெனி அமைந்தது. ஆனால் சர்க்கார் உத்தரவாதம் முதலீட்டாளர்களுக்குத் திருப்தியாக இல்லை. பணம் சேரவில்லை. திட்டம் படுத்துவிட்டது.

1891-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கவர்னர் வென்லாக் பிரபு மண் வெட்டி வேலையை ஆரம்பித்துவைத்தார். அந்தக் கம்பெனியும் மூழ்கியது. வேறொரு கம்பெனி வந்துதான் வேலை முடிந்தது.

குருவும் சிஷ்யனும்

இதற்குள் ஓல்டன் பட்டறையில் ரிக்கன்பாக்கிடம் தொழில் கற்ற ரோமன் ஆப்ட் என்ற இளைஞர், குருவின் ஏணியில் ஒரு மாற்றம் செய்திருந்தார். ஏணியை வளைவுகளில் அமைப்பது சிரமம். தண்டவாளம் பிரியும் இடங்களில் அதைவிடச் சிரமம். ஆப்ட் ஏணியை விட்டுவிட்டு, பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எந்த நேரத்திலும் ஏதாவதொரு பல் பிடியில் இருந்தே தீரும். 1882-ல் அவர் இதற்கு உரிமை பெற்றார். ஓரிடத்தில் சமதரை, ஓரிடத்தில் ஏற்றம் என்று மாறி மாறி வரும் பாதைக்கு அது மிக வாகாக இருந்தது.

நீலகிரிக்குத் தேர்ந்தெடுத்தது சிஷ்யரின் முறையைத்தான். 1899-ம் ஆண்டு ஜூன் மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு முதல் ரயில் ஏறியது. அடுத்த மாதம் 25-ந் தேதி, ஓல்டனில் ரிக்கன்பாக் காலமானார். வயது 82. பல ஆண்டுகளுக்கு முன் அவர் பார்வையிட்ட சரிவில் அவருடைய ஏணி பதியவில்லை. ஏணி பெற்ற பிள்ளை பதிந்தது. தம்மிடம் கற்றவன் தம்மை மிஞ்சுவதைவிட ஒரு பட்டறைத் தலைவனுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

எந்த ரயிலில் போகலாம்?

இன்று நம் நாட்டில் மலை ரயில்களுக்குக் குறைவில்லை. டார்ஜிலிங் ரயில் 1881-ல் வந்தது. அதற்குப் பல்சக்கரம் கிடையாது. பாதையை வளையமாகச் சுற்றியும், முன்னும் பின்னுமாக மடக்கியும் ஏறுகிறது. 1903-ல் வந்த கால்கா–சிம்லா ரயிலுக்கும், 1907-ல் வந்த மாதேரான் ரயிலுக்கும் பல் இல்லை. இன்று பெரும்பாலும் டீசல் எஞ்சின்களே அவற்றை இழுக்கின்றன. பல்லால் கவ்வி ஏறும் ரயிலை நம் தேசத்தில் பார்க்க வேண்டுமானால், நீலகிரிக்குத்தான் போக வேண்டும்.

திருச்சி, ஸ்ரீரங்கம் வாசிகளுக்கு அது எட்டாத தூரமும் அல்ல. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைத்தால் அலைச்சல்தான் மிஞ்சும். காலை 7 மணிக்குச் சற்றுப் பின்னே மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் புறப்பட்டுவிடும். ஆகவே முதல் நாளே கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ போய்த் தங்கிவிடுவது உத்தமம். இடம் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் நிற்பதும் உண்டு. விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

உதகை வரை 46 கிலோமீட்டர். அதில் 16 சுரங்கங்கள், 208 வளைவுகள். ஏறுவதற்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். நேரம் குறைவாக உள்ளவர்கள் குன்னூர் வரை போனாலும் நஷ்டமில்லை. பல்சக்கரமும் நீராவி எஞ்சினும் அந்தப் பகுதிக்கே உரியவை. குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின் இழுப்பதே வழக்கம். மலையேறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். எனவே முன் பெட்டியில் இடம் கிடைத்தவர்களுக்கு மலை முழுவதும் காட்சி.

பொன்மலையின் பங்கு

1908-ம் ஆண்டு முதல் இந்த மலை ரயிலை நிர்வகித்தது, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே. அந்த ஆண்டு அக்டோபரில் பாதை உதகையை எட்டியது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறை 1920-களில் பொன்மலைக்கு மாறியது. மலை எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பும் பொன்மலையைச் சேர்ந்தது.

அந்த எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் பிறந்தவை. அந்தத் தொழிற்சாலை செய்த முதலாவது எஞ்சின், 1873-ல் ரிக்கன்பாக்கின் ரிகி ரயிலுக்குச் செய்ததுதான்! நீலகிரி எஞ்சினுக்கு நான்கு உருளைகள். சமதரையில் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றம் வந்ததும், அந்த இரண்டும் உபயோகித்து விட்ட நீராவியே மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரு நீராவிக்கு இரண்டு வேலை.

அவற்றுக்கு வயதாகிவிட்டது. வெளிநாட்டில் வாங்கவும் வழியில்லை. பொன்மலைத் தொழிலாளர்கள் துணிந்தார்கள். எண்ணெயில் எரியும் புதிய பல்சக்கர எஞ்சின் 2011-ல் அங்கேயிருந்து வெளிவந்தது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் எஞ்சினையும் செய்துவிட்டார்கள். இதற்கிடையே 2005-ல் யுனெஸ்கோ நீலகிரி ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

ஒரு ரயில்வே பட்டறை, தன் மலைக்கு வேண்டிய எஞ்சினைத் தானே செய்துகொண்டது. 1870-ல் ஓல்டனில் நடந்தது அதுதான். பொன்மலையில் நடந்ததும் அதுதான்.

ரிக்கன்பாக் 1886-ல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, இஞ்சினீயர், டைரக்டர் என்ற பட்டங்களை ஒதுக்கிவிட்டு, ஒரு கிழ மெக்கானிக்கின் நினைவுகள் என்றே அதற்குப் பெயர் வைத்தார். அரம் பிடித்த கையை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

கல்லாறு தாண்டியதும் பெட்டிக்கு அடியில் ஒரு சத்தம் மாறும். பல்லும் பல்லும் கவ்வும் சத்தம் அது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அது என்னவென்று கேட்பார்கள். பெரியவர்களுக்குச் சொல்ல இப்போது ஒரு கதை இருக்கிறது.