நிலோபர் அம்மையார்

மணவாழ்வு முறிந்த பெண்ணைக் கண்டால், இனி இவள் எங்கே போவாள் என்றுதான் ஊரார் முதலில் கேட்கின்றனர். இவள் செய்த நற்பணி யாது, இனிச் செய்யவல்லது யாது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஐதராபாத் அரச குடும்பத்தின் மருமகளாக வந்து, பின்னர் அவ்வுறவை இழந்து, வேற்று நாட்டில் வாழ்வை மீண்டும் தொடங்கிய நிலோபர் அம்மையாரின் வரலாற்றில் இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்கின்றோம்.

அம்மையார் 1916இல் இஸ்தான்புல் நகரில் துருக்கிய சுல்தான்களின் மரபிலே பிறந்தார். இளங்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். 1924இல் துருக்கிக் குடியரசு சுல்தான் குடும்பத்தார் அனைவரையும் நாடு கடத்தியது. 8 வயதுச் சிறுமி தாயுடன் பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள நீஸ் நகரை அடைந்தார். பிறந்த மண்ணை இழந்து பிழைப்பது எத்தகையது என்பதை அவர் அப்பருவத்திலேயே அறிந்துகொண்டார்.

1931 நவம்பரில், ஐதராபாத் நிஜாம் உஸ்மான் அலி கானின் இரண்டாம் மகனான மொஅஸ்ஸம் ஜாவுக்கு அவர் மணம் செய்விக்கப்பட்டார். மணமகளுக்கு அப்போது வயது 15. மொழியும் வழக்கமும் அறியாத ஊருக்கு வந்த அவர், உயர்குலப் பெண்டிர் திரைக்குப் பின்னே வாழ்ந்த அந்நகரில் முகம் மறைக்காது பொது நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார், சேலை உடுத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செவிலியர் பயிற்சியும் பெற்றார்.

ஆயினும் அவருக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. ஐரோப்பிய மருத்துவரை நாடியும் பயனில்லை. மூத்த இளவரசரை மணந்து உடன் வந்த உறவினருக்கோ ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். இந்நிலையில் அம்மையாரின் பணிப்பெண் ஒருத்தி பேறுகாலத்தில் தக்க மருத்துவம் இன்றி மாண்டாள். அவ்விறப்பு அவர் நெஞ்சை உலுக்கிற்று. தமக்குக் குழந்தை இல்லையே என்று அழுத கண்கள், குழந்தையைப் பெறுகையில் மடியும் ஏழைத் தாயரின்பால் திரும்பின. இனி ஒருத்தியும் இவ்வாறு மாளலாகாது என்று கருதி, தாய்மாருக்கும் சேய்களுக்கும் ஒரு மருத்துவமனை வேண்டுமென மாமனாரிடம் முறையிட்டார். நிஜாமும் இசைந்தார்.

இதற்கிடையே கணவர் வேறொரு மணம் புரிந்தார். 1952இல் மணமுறிவு ஏற்பட்டது. 1953இல் 100 படுக்கைகளுடன் மருத்துவமனை பணி தொடங்கியபோது, அம்மையார் அக்குடும்பத்தின் மருமகள் அல்லர். எனினும் அவர் பெயரே அதற்கு நிலைத்தது.

அம்மையார் பிரான்சிலேயே தங்கி, பாரிஸ் நகரில் வாழ்வை அமைத்துக்கொண்டார். அழிந்த அரசின் மகளாகவும், முறிந்த மணத்தின் மனைவியாகவும் மட்டும் எஞ்சியிருக்க அவர் விரும்பவில்லை. 1963இல், தமது 47ஆம் வயதில், எட்வர்டு போப் என்னும் அமெரிக்கரை மணந்தார். 1989 ஜூன் 12ஆம் நாள் பாரிஸில் காலமானார்.

அம்மையாருக்குச் செல்வமும் அரச மரபும் துணையாக இருந்தன என்பதை நாம் மறுப்பதற்கில்லை. நம் சகோதரிகளுக்கு அவை இல்லை. கைக்குழந்தையுடன் அயலூர் சென்று வாடகைக்கு அறை கேட்டால், கணவன் எங்கே என்ற கேள்வியே அவர்களை எதிர்கொள்கின்றது. செல்வம் செய்ததைச் சுற்றத்தார் செய்யலாகாதா? தங்க ஓர் இடம், கற்க ஒரு தொழில், பழி கூறாத அண்டை வீடு ஆகிய மூன்றையும் தர நம்மால் இயலும்.

இன்றும் ஐதராபாத்தில் நோயுற்ற குழந்தையை ஏந்திவரும் ஏழைத் தாயர் நிலோபர் மருத்துவமனைக்கு வழி கேட்கின்றனர். கணவர் வீட்டில் அம்மையாருக்கு இடம் இல்லாமற் போயிற்று. அந்நகரின் தாய்மார் நாவில் அவர் பெயருக்கு இடம் இருக்கின்றது.