எதிராசரின் மூன்று திருமேனிகள்

சென்னையினின்று காஞ்சி நோக்கிச் செல்லும் பெருவழியில் உள்ளது திருப்பெரும்புதூர். அவ்வூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில், இன்று மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் செய்யும் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. ஊரினுள்ளே ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயில் உள்ளது. அங்கே கூப்பிய கையராய் எழுந்தருளியிருக்கின்றார் இராமானுசர். அவர் உயிரோடு வாழ்ந்த காலத்திலேயே சமைக்கப்பெற்ற வடிவம் அஃது என்பது வழிவழி வந்த செய்தி.

இராமானுசர் 1017-ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில் இவ்வூரிற் பிறந்தார் என்பர். தந்தையார் ஆசூரி கேசவ சோமயாசியார், தாயார் காந்திமதியம்மையார். யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்ற அவர், ஆசிரியர் கூறிய பொருள் உளங்கொள்ளாதவிடத்து மறுத்துரைக்கத் தயங்கிற்றிலர். குலவேற்றுமை கருதாது திருக்கச்சி நம்பியைத் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டார். பின்னர் இல்லறம் நீத்துத் துறவு பூண்டு, எதிராசர் எனப் பெயர் பெற்றுத் திருவரங்கம் சேர்ந்தார். திருமந்திரப் பொருளை அறியத் திருக்கோட்டியூர் நம்பிபால் பதினெட்டு முறை நடந்தார். அரிதிற் பெற்ற அதனை மறைத்து வையாது பலர்க்கும் வழங்கினார். அதனால் தமக்கு நரகம் வாய்ப்பினும் ஏனையோர் உய்வர் என்பது அவர் துணிவு. இச்செய்தியை நீங்கள் கீழ்வகுப்பிலேயே படித்திருப்பீர்கள், ஆதலின் விரித்திலேன்.

முதுமையில் அவருக்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. சோழ மன்னன் ஒருவனது சினத்திற்கு அஞ்சிய சீடர்கள், ஆசிரியரை வெள்ளாடை உடுப்பித்துக் கன்னட நாட்டிற்குப் போக்கினர். அவருக்கு மாறாகக் காவியுடுத்து அரசவை புகுந்த கூரத்தாழ்வார் தம் இரு கண்களையும் இழந்தார். போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் இராமானுசரைப் போற்றினான். வேலூரில் அன்று, பேளூரில், 1117-ஆம் ஆண்டில் சென்னகேசவர் கோயிலை எடுப்பித்தவன் இவனே. அதன் சிற்பங்களைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர்.

மேல்கோட்டை என வழங்கும் திருநாராயணபுரத்தில் அவர் பன்னீராண்டுகள் தங்கினார் என்பர். கோயிற்பணியில் தாழ்த்தப்பட்ட மக்கட்கும் பங்களித்து, அவர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்தார். சோழநாட்டில் இடர் நீங்கியதும் திருவரங்கம் மீளக் கருதினார். அங்குள்ள அடியார்கள் பிரிவாற்றாது கலங்கினர். அவரைத் தடுக்கவும் இயலாது, விடுக்கவும் இயலாது தவித்த அவர்கள், அவர் வடிவிலே ஒரு திருமேனி சமைத்துக்கொண்டனர். தமர் உகந்த திருமேனி என்பது அதன் பெயர். தமர் என்றால் தம்மைச் சார்ந்தவர். வடிவத்தை விரும்பியவர் அவர்களே என்பதைப் பெயரே காட்டுகின்றது.

இரண்டாவது, பிறந்த ஊருக்கு உரியது. இராமானுசரின் மருகர் முதலியாண்டான். அவர் மைந்தர் கந்தாடையாண்டான். ஆசிரியர் மூப்பெய்தியதைக் கண்ட அவர், சிற்பியைக் கொண்டு ஒரு வடிவம் செய்வித்தார். இராமானுசர் அதனை மகிழ்ந்து தழுவித் தம் ஆற்றலை அதன்கண் வைத்தார் என்பர். அதனால் அது தான் உகந்த திருமேனி ஆயிற்று. புதிய படிமத்திற்குச் சிற்பி உளியால் கண் திறத்தல் மரபு. திருப்பெரும்புதூரில் அது நிகழ்ந்த வேளையில், நெடுந்தொலைவில் அரங்கத்திலிருந்த முதியவர் கண்களிற் குருதி கசிந்ததாம். இதனை வரலாறாகக் கொள்வார் கொள்க. கல்லையும் உலோகத்தையும் உயிருடையனவாகக் கருதிய மக்களின் உள்ளத்தை இக்கதை நன்கு புலப்படுத்துகின்றது.

1137-இல் இராமானுசர் திருவரங்கத்தில் மறைந்தார். இருந்த கோலத்திலேயே அவருடல் அங்குப் பேணப்பெறுகிறது என்பது வைணவர் கொள்கை. கருப்பூரமும் குங்குமப்பூவும் கலந்த குழம்பு அதற்குச் சாத்தப்பெறும். அது தானான திருமேனி எனப்படும். அதனைச் சமைத்த சிற்பி ஒருவரும் இலர்.

2022-இல் ஐதராபாத்தை அடுத்த முச்சிந்தலில் 216 அடி உயரமுள்ள இராமானுசர் உருவம் திறக்கப்பெற்றது. திருப்பெரும்புதூர் வடிவமோ ஒருவர் தழுவத்தக்க அளவினது. அது நிறுவப்பெற்ற தைப் பூச நாளைக் குருபூசம் என்னும் பெயரால் அவ்வூரார் ஆண்டுதோறும் கொண்டாடி வருகின்றனர்.