உயிரணு ஆய்வாளர் ஜானகி அம்மாள்

முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் கண்டிராத இளைஞர் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் அரியர். அக்கரும்பின் உயிரணுவினுள் அடங்கியிருப்பவற்றை எண்ணிக் கணக்கிட்ட அறிஞருள் ஒருவர் ஜானகி அம்மாள்.

1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துத் தலைச்சேரியில் அம்மையார் பிறந்தார். தந்தையார் துணை நீதிபதி. எனினும் தீயர் குலத்தவரை மேற்குலத்தார் தொலைவில் நிறுத்திய காலம் அது. நம் மக்கள் பட்ட துயரும் அக்குடும்பம் கண்டதும் ஒன்றென்று கூறுதல் பொருந்தாது. பதவியும் செல்வமும் வாய்ந்த இல்லத்தையும் சாதி விட்டு வைக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப்பணி புரிந்தார். பின் பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

உயிரணுவை ஆராய்வது எங்ஙனம்? வளரும் வேர்நுனியில் உயிரணுக்கள் இடையறாது பிளவுறுகின்றன. அந்நுனியை வெட்டி, ஆல்ககாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த நீர்மத்தில் இட்டால், ஒவ்வோர் உயிரணுவும் அக்கணத்து நிலையிலேயே நின்றுவிடும். பின்னர்ச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, மெல்லிய மூடுகண்ணாடியால் மூடிக் கட்டைவிரலால் அழுத்துவர். உயிரணுக்கள் ஒரே அடுக்காய்ப் பரவும். நுண்ணோக்கியில் நோக்கின், பிளவுறும் உயிரணுக்களில் குரோமோசோம்கள் சாயமேறிய சிறு கோல்களாய்த் தோன்றும். வெங்காயத்தில் அவை 16, மனிதரில் 46. பள்ளி ஆய்வகத்திலேயே வெங்காய வேரைக் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம்.

கரும்பில் எண்ணுதல் அத்துணை எளிதன்று. இனிப்பு மிக்க கரும்பினத்தில் 80 குரோமோசோம்கள் உள்ளன. நாணலை ஒத்த காட்டுக்கரும்பில் 40 முதல் 128 வரை வேறுபடும். இனிப்பையும் வறட்சி தாங்கும் உரத்தையும் ஒருசேரப் பெறுவதற்கு இவ்விரண்டையும் கலந்தனர். அவ்வாறு கலக்குங்கால், தாய்க்கரும்பு பாதிப் பங்குக்கு மாறாகத் தன் 80ஐயும் முழுமையாகக் கொடுப்பதுண்டு. எண்ணிப் பாராமல் இவ்விந்தை புலப்படாது. 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அம்மையார் இத்தகைய கலப்பினங்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற பயிரை 1938இல் உலகிற்கு அறிவித்தார். பெண் என்பதாலும் பிறப்பாலும் அங்கு அவர் இடர்ப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர்.

1939இல் எடின்பரோ நகரில் கூடிய மரபியல் மாநாட்டிற்குச் சென்றவர், போர் மூண்டமையால் இங்கிலாந்திலேயே தங்கினார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். பின்னர் விஸ்லி தோட்டத்தில் கோல்ச்சிசின் என்னும் பொருளைக் கொண்டு மக்னோலியாச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். நம் வேலியோரம் படரும் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சு அதுவே. பிளவுறும் உயிரணுவைப் பாதியில் தடுத்து, இரு பங்கையும் ஒன்றினுள்ளேயே நிறுத்திவிடும் ஆற்றல் அதற்குண்டு. மக்னோலியா வகையொன்று இன்றும் அம்மையார் பெயரால் வழங்குகிறது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத்துறையைச் சீரமைக்கும் பணியேற்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையிலும் ஓய்ந்திலர், சென்னையை அடுத்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1984 பிப்ரவரி 7ஆம் நாள், தம் 86ஆம் வயதில், அங்கேயே காலமானார்.