ஜகதீச சந்திர போஸ் தேர்ந்த கல்லூரி

கடல் கடந்து சென்று கல்வி பெறுதல் இன்று அரிய செயலன்று. பிரிட்டனில் இளநிலைப் பட்டம் பயில விரும்பும் வெளிநாட்டு மாணவர், யூகாஸ் என்னும் பொது அமைப்பின் வழியாக, ஒரே விண்ணப்பத்தில் 5 இடங்கள் வரை குறிப்பிடலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டையும் ஒரே ஆண்டில் கேட்க முடியாது. ஏதேனும் ஒன்றைத்தான் கேட்கலாம். எனவே எதைக் கேட்பது, எதை விடுவது என்னும் கேள்வி எழுகிறது. நம் மாணவ நண்பர்கள் சிலர் இதுபற்றிப் பேசும்பொழுது, பல்கலைக் கழகங்களின் தரவரிசைப் பட்டியலையே முதலில் எடுக்கின்றனர். முதற் பத்துக்குள் இருக்கிறதா, முதல் நூற்றுக்குள் இருக்கிறதா என்றே கேட்கின்றனர். அப்பேச்சைக் கேட்கும்போதெல்லாம், இயற்பியல் பயிலும் எனக்கு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் அவர்களின் மாணவப் பருவமே நினைவுக்கு வருகிறது. செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று ஆராய்ந்தவர் என்ற அளவில் அவரை நாம் பள்ளிப் பாடத்திலேயே அறிவோம். அவர் தம் துறையையும் கல்லூரியையும் எவ்வாறு அடைந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காளதேசமாக விளங்கும் நிலப்பகுதியில் பிறந்தார். விக்ரம்பூர்ப் பகுதியிலுள்ள ராரிகால் அவர்தம் முன்னோர் ஊர். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசுப் பணியில் உயர்ந்த அலுவலராக இருந்தவர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். அக்காலத்தில் அத்தகைய அலுவலர்கள் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒருபுறம் தந்தையின் ஏவலாளராகிய இசுலாமியரின் மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருக்க, நடுவே அமர்ந்து பயின்றார் போஸ். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அத்தோழர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தம்மிடம் விதைத்தன என்று பிற்காலத்தில் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

1869இல் கல்கத்தா சென்ற அவர், பின்னர்த் தூய சேவியர் கல்லூரியில் பயின்றார். அங்கு இயற்பியல் கற்பித்த அருட்தந்தை லபோன், செய்முறைகளைக் கண்ணுக்கு விருந்தாகச் செய்து காட்டிப் பாடம் நடத்துவதில் வல்லவர். ஏட்டில் உள்ள விதி கருவியில் உயிர் பெறுவதைப் போஸ் அவரிடமே முதன்முதலில் கண்டார். 1879இல் பட்டம் பெற்றார்.

குடும்பத்தின் நிலை

பட்டம் பெற்ற இளைஞருக்கு அன்று கண்முன் நின்ற பெரிய கனவு ஐ.சி.எஸ். பதவி. போசுக்கும் அந்த எண்ணம் இருந்தது. அதற்குக் காரணம் பதவி மோகம் அன்று. வீட்டின் கடனே காரணம். தந்தையார் நாட்டு மக்களின் நலன் கருதித் தொழிற்பள்ளி, தேயிலைத் தோட்டம், நெசவு நிறுவனம் எனப் பல முயற்சிகளில் பணத்தைப் போட்டு இழந்திருந்தார். மூத்த மகன் உயர்ந்த ஊதியம் பெற்றால் கடன் தீரும். ஆயினும் கடன்பட்டிருந்த அத்தந்தையே மகனின் விருப்பத்தை மறுத்தார். பிறரை ஆளும் பதவியைவிடத் தன்னைத்தான் ஆளும் அறிஞனாக மகன் விளங்குவதையே அவர் விரும்பினார். தாமே அரசு அலுவலராக இருந்தும் அவர் இவ்வாறு முடிவு செய்தார் என்பது எண்ணத்தக்கது.

அன்னையார் வேறொரு காரணத்தால் தயங்கினார். போசின் தம்பி ஒருவன் சிறுவயதிலேயே இறந்திருந்தான். எஞ்சிய ஒரே மகனைக் கடலுக்கு அப்பால் அனுப்ப எந்தத் தாய்தான் மனம் ஒப்புவாள்? எனினும் மகனின் ஆர்வத்தைக் கண்டு அவ்வம்மையார் மனம் மாறினார். பயணச் செலவுக்காகத் தம் நகைகளை விற்கவும் முன்வந்தார். நகைகளை விற்க வேண்டிய தேவை நல்வாய்ப்பாக எழவில்லை. வெளிநாட்டுப் படிப்பிற்கான செலவுக் கணக்கைப் பார்க்கும்போது, அதன் பின்னே இத்தகைய ஒரு தாயின் மனமும் இருப்பதை நாம் மறத்தலாகாது.

முதல் தேர்வு: இலண்டனில் மருத்துவம்

ஆட்சிப் பணி இல்லை என்றானபின் மருத்துவம் என்று முடிவாயிற்று. 1880இல் போஸ் இலண்டன் புறப்பட்டார். இலண்டன் பல்கலைக் கழகம் 1836இல் தோன்றியது முதலே சமய வேறுபாடு பாராது பட்டம் வழங்கி வந்தது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அவ்வாறு இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதோர்க்கு அங்கிருந்த தடைகள் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பெரும்பாலும் நீங்கின. ஆகவே வெளிநாட்டு மாணவர்க்கு இலண்டன் இயல்பான முதல் வாயிலாக இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. புறப்படுமுன் அசாமுக்கு வேட்டைக்குச் சென்றிருந்தபோது அவரைப் பற்றிய கடுங்காய்ச்சல் கப்பலிலும் தொடர்ந்தது, இலண்டனிலும் விடவில்லை. பிணங்களை அறுத்துப் பயிலும் கூடத்தின் நாற்றம் நோயை மிகுவித்தது. மருத்துவப் படிப்பைத் தொடர்ந்தால் உயிருக்கே ஊறு நேரலாம் என்ற நிலையில், அதனைக் கைவிடுமாறு அறிவுறுத்தப்பட்டார்.

அந்நாளைய அவரது மனநிலையை நான் எண்ணிப் பார்க்கின்றேன். வீட்டில் கடன், தாயின் கண்ணீர், தந்தையின் நம்பிக்கை, ஓராண்டுக் காலமும் பணமும் வீண். ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க முடியாது. ஆனால் அவர் திரும்பவில்லை. தமக்கு உண்மையாகவே பிடித்த துறை எது என்று மீண்டும் கேட்டுக்கொண்டார். லபோன் அடிகளாரின் வகுப்பில் எழுந்த ஆர்வம் அதற்கு விடை தந்தது.

இரண்டாம் தேர்வு: கேம்பிரிட்ஜ்

இனி எங்கே பயில்வது? இங்கேதான் வழிகாட்டி ஒருவர் துணை நின்றார். அவர் போசின் தமக்கையை மணந்த ஆனந்த மோகன் போஸ். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று 1874இல் ராங்கிலர் என்னும் உயர் தகுதியை எய்திய முதல் இந்தியர் அவரே. 1898இல் நம் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர் பயின்றது கிறைஸ்ட் கல்லூரி. அவருடைய பரிந்துரையால் போஸ் அக்கல்லூரியிலேயே இயற்கை அறிவியல் பயில உதவித்தொகையுடன் இடம் பெற்றார். 1882 சனவரியில் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் ஒரு மாணவர் பல்கலைக் கழகத்தில் மட்டும் சேர்வதில்லை. அதன் கல்லூரிகளுள் ஒன்றிலும் சேர்கிறார். உறைவிடமும் உணவும் நெருங்கிய பயிற்சியும் கல்லூரியில். சொற்பொழிவும் ஆய்வுக்கூடமும் தேர்வும் பல்கலைக் கழகத்தில். எனவே அங்கே செல்பவர் இரண்டு தேர்வுகளைச் செய்யலாம். முன்னரே அக்கல்லூரியில் வாழ்ந்தறிந்த உறவினரின் சொல் போசுக்கு எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் இன்னொரு பொருத்தத்தையும் காண்கின்றேன். சார்லஸ் டார்வின் தம் பதினாறாம் வயதில் எடின்பரோவில் மருத்துவம் பயிலச் சென்று, அறுவை மருத்துவத்தைக் காணச் சகியாது அதனை விட்டு, பின்னர் இதே கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தவர். போஸ் அங்குச் சேர்ந்த சில திங்களில், 1882 ஏப்பிரலில், டார்வின் காலமானார். அவர் மகன் பிரான்சிஸ் டார்வின் தாவரவியலில் போசின் ஆசிரியர்களுள் ஒருவரானார்.

இயற்பியலிலோ இராலே பிரபு ஆசிரியராக வாய்த்தார். 1874இல் திறக்கப்பட்ட கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் பேராசிரியராக 1879 முதல் 1884 வரை மட்டுமே அவர் இருந்தார். போஸ் பயின்ற ஆண்டுகள் அக்காலத்துள் அமைந்தன. துல்லியமாக அளத்தல், பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சோதித்தல் ஆகியவற்றில் இராலேக்கு இணையானவர் அரியர். உடலியலில் மைக்கேல் பாஸ்டர், தாவரவியலில் சிட்னி வைன்ஸ் ஆகியோரிடமும் போஸ் பயின்றார். பல துறைகளை ஒருங்கே பயில இடந்தந்த அப்பாடத்திட்டமே, பின்னாளில் இயற்பியற் கருவியைக் கொண்டு செடியின் துடிப்பை அளக்க அவருக்கு வழி வகுத்தது என்பது என் கருத்து.

1884இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். அதே காலத்தில் இலண்டன் பல்கலைக் கழகத்தின் பி.எஸ்சி. பட்டத்தையும் பெற்றார். அதே கால கட்டத்தில் பிரிட்டன் சென்ற மற்றொரு வங்கமணி பிரபுல்ல சந்திர ரே, கில்கிறிஸ்டு உதவித்தொகை பெற்று எடின்பரோவைத் தேர்ந்தார். கிரம் பிரவுன் என்னும் வேதியியல் அறிஞரிடம் பயின்று 1887இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஒருவர்க்குக் கேம்பிரிட்ஜ், மற்றவர்க்கு எடின்பரோ. இருவரும் பின்னாளில் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஒன்றாகப் பணியாற்றிப் பெரும் புகழ் எய்தினர். எனவே எல்லார்க்கும் ஏற்ற சிறந்த பல்கலைக் கழகம் என ஒன்று இல்லை. அவரவர் துறைக்கேற்ற ஆசிரியர் இருக்குமிடமே சிறந்தது.

தாயகத்தில் நேர்ந்த சோதனை

கேம்பிரிட்ஜ்ப் பட்டம் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடவில்லை. 1885இல் மாநிலக் கல்லூரியில் தற்காலிகப் பேராசிரியராகப் போஸ் அமர்ந்தார். ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு. தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதி. ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு! போஸ் அவ்வூதியத்தைத் தொட மறுத்தார். மூன்று ஆண்டுகள் ஒரு காசும் பெறாமல், ஒரு நாளும் கடமை தவறாமல் பாடம் நடத்தினார். 1887இல் அவர் மணந்த அபலா அம்மையார் அவ்வறுமையில் பங்கு கொண்டார். பெண்களைச் சேர்க்கக் கல்கத்தாவில் மறுக்கப்பட்டதால், நம் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்று, உடல்நலக் குறைவால் படிப்பை இடையில் விட்டவர் அவ்வம்மையார். முடிவில் அரசு பணிந்தது. பதவி நிலையாக்கப்பட்டு, முழு ஊதியமும் முன்தேதியிட்டு மொத்தமாக வழங்கப்பட்டது. அப்பணம் தந்தையின் கடனை அடைக்கச் சென்றது.

தேர்வின் பயன்

சிறியதோர் அறையில், உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டு கருவிகளைச் செய்வித்து, 1894 முதல் மின்காந்த அலைகளைப் போஸ் ஆராய்ந்தார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கினார். 1895இல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில், அவ்வலைகள் சுவரைக் கடந்து சென்று தொலைவில் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். அதே ஆண்டில் அவரது கட்டுரையை இலண்டன் ராயல் கழகத்தில் அளித்தவர் யார் தெரியுமா? பழைய ஆசிரியர் இராலே பிரபுவே. 1896இல் இலண்டன் பல்கலைக் கழகம் டி.எஸ்சி. பட்டம் வழங்கியது. நோயால் படிப்பை விட்டுச் சென்ற அதே இலண்டன்! 1897 சனவரி 29இல் ராயல் நிலையத்தில் சொற்பொழிவாற்றினார்.

பின்னர், தாவரங்களைப் பற்றிய அவர்தம் முடிவுகளை உடலியல் அறிஞர் சிலர் கடுமையாக எதிர்த்தபோது, லின்னேயன் கழகத்தில் அவர் பேசவும் 1902இல் கட்டுரை வெளிவரவும் துணை நின்றவர் மற்றோர் ஆசிரியரான வைன்ஸ். 1917 நவம்பர் 30இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1920இல் ராயல் கழக உறுப்பினரானார். 1937 நவம்பர் 23இல் கிரிதியில் மறைந்தார்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நான் அறிவன மூன்று. முதல் தேர்வு பொருந்தாமற் போவதால் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. அங்கே பயின்று வந்தவர் சொல்லும் சொல் எந்தப் பட்டியலையும்விடப் பயன்தரும். ஆசிரியரைத் தேர்ந்து சென்றவர்க்கு அவ்வுறவு பட்டத்தோடு முடிவதில்லை; பதினோராண்டுகள் கழித்தும் இராலே போசுக்குக் கை கொடுத்தார். வெளிநாட்டு விண்ணப்பத்தை நிரப்பும் நண்பர்கள், ஒவ்வோர் இடத்தின் பெயருக்கு எதிரேயும், அங்கே நான் யாரிடம் பயிலப் போகிறேன் என்பதை ஒருமுறை எழுதிப் பார்ப்பார்களாக. எழுத ஒரு பெயரும் கிடைக்கவில்லையெனில், அந்த இடம் பட்டியலில் எத்துணை உயர்ந்து நின்றாலும் மறுமுறை சிந்திப்பது நலம்.