துவெயிற்ஸ் என்னும் பேராதனைப் பெரியார்

ஈழநாட்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பேசப் புகுவார் எவரும் ஜோர்ஜ் துவெயிற்ஸ் என்பாரை மறத்தல் ஆகாது. இங்கிலாந்திலே பிறிஸ்டல் நகரிற் பிறந்த இவர், தொடக்கத்திற் கணக்கராய்த் தொழில்புரிந்தார். ஓய்ந்த வேளைகளில் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நுண்ணிய பாசிகளை ஆராய்ந்து அறிஞரிடையே பெயர் பெற்றார். 1849 ஆம் ஆண்டிற் பேராதனைப் பூங்காவின் பொறுப்பை ஏற்று, முப்பதாண்டு அங்குப் பணியாற்றினார். இலங்கைத் தாவரங்களைத் தொகுத்து நூல் செய்தமை அவர்தம் பெருஞ்செயல்.

ஆயினும், யான் ஈண்டு வியப்பது பிறிதொன்று. அக்காலத்தார் பலர் வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து, ஊசி குத்திப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினர். உயிரற்ற சிறகு இனத்தைக் காட்டும். அது வாழ்ந்த காட்டையும் உண்டு வளர்ந்த இலையையும் காட்டாது. துவெயிற்ஸோ புழு, கூட்டுப்புழு, பூச்சி என்னும் மூன்று நிலைகளையும் உயிரோடு கண்டு வரைவித்தார். வரைந்தோர் டி அல்விஸ் குடும்பத்துச் சகோதரர்; அவர்தம் தந்தையார் ஹர்மானிஸும் அப்பூங்காவின் ஓவியரே. அவ்வோவியங்களை ஆதாரமாகக் கொண்டு பிரெடெரிக் மூர் எழுதிய மூன்று தொகுதிகள், இலங்கை அரசின் ஆதரவுடன் 1880 முதல் 1887 வரை இலண்டனில் வெளிவந்தன. முகப்பில் உள்ளது மூரின் பெயரே. உள்ளிருக்கும் உயிர்ப்போ பேராதனையிற் பிறந்தது.

வாழ்விடம் அறியாத அறிவு அரையறிவு. கரும்புள்ளிகளையுடைய வெண்சிறகை விரித்து, காகிதத் துண்டுபோல மெல்ல மிதக்கும் ஓர் இனம் தென்னிலங்கையின் ஈரக் காடுகளுக்கு உரியது. அதனை உரும்பிராய்ச் செம்மண்ணிலே தேடுதல் வீண். இங்கு வேலியோரத்து எருக்கலையை உண்ணும் வரிப்புழுவோ செம்மஞ்சட் சிறகு பெற்றுப் பறக்கும். இலை எதுவென அறிந்தார்க்கே பூச்சி எங்கு உறையும் என்பது புலனாகும். இதனை என் மாணாக்கர்க்குப் பன்முறை எடுத்துரைத்துள்ளேன்.

துவெயிற்ஸின் காலத்திலேயே கோப்பிப் பயிருக்காகக் கண்டி மலைக்காடுகள் அழிந்தன. 1869 இற் கோப்பியிலையில் நோய் கண்டது. அதன் கேட்டினை அவர் அஞ்சி உரைத்தார். கோப்பி மடிந்தது; தேயிலை வந்தது; வெட்டிய காடு மீளவில்லை. 1880 இல் ஓய்வுபெற்ற அவர், 1882 செப்டெம்பர் 11 இற் கண்டியிற் காலமானார். நூல் நிறைவுற்றதைக் காண அவர் இருக்கவில்லை.

ஏட்டில் எழுதிய பெயர் அழியாது. அப்பெயருக்குரிய உயிரோ, தன் இலையும் நிழலும் உள்ளவரையே வாழும். துவெயிற்ஸுக்கு நாம் செலுத்தும் நன்றி, எஞ்சிய காட்டைக் காத்தலே.